பிரியாவின் பெயரில் ஒரு விதி

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ‘வலிக்கிறது’ என்று சொல்வது குறைவு. ‘நோவுது’ என்பார்கள். தக்கலையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். ‘கால் நோவுது சாரே’ என்ற சொல்லை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. நான் சொன்ன பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஒரு ரவுண்டு ஓடு மக்ளே, சரியாயிரும்.’

2022 நவம்பர் 15-க்குப் பிறகு அந்தப் பதில் என் வாயில் வந்ததில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை பிரியா, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காலையில் இறந்துபோனார். வயது 17. ராணி மேரிக் கல்லூரியில் உடற்கல்விப் படிப்பில் முதலாம் ஆண்டு. இன்னும் சில ஆண்டுகள் போயிருந்தால், கழுத்தில் விசில் தொங்க ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் நின்று, எங்கள் வேலையை எங்களைவிட நன்றாகச் செய்திருக்க வேண்டிய பிள்ளை.

கத்தார் உலகக் கோப்பை தொடங்க ஐந்து நாள்களே இருந்தன. குளச்சலில் இருந்து தூத்தூர் வரை எங்கள் கடற்கரை ஊர்களில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் பேனர் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. கால்பந்தை நேசிக்கும் ஒரு மாவட்டம் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், கால்பந்துக்காகவே வாழ்ந்த ஒரு பெண்ணின் சாவுச் செய்தி வந்து சேர்ந்தது.

நடந்தது என்ன?

பிரியாவுக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இது அரிய காயம் அல்ல. வேகமாக ஓடும்போது சட்டென்று திரும்பினாலோ, குதித்துத் தரையிறங்கினாலோ, பாதம் ஊன்றி நிற்க முழங்கால் மட்டும் திருகிக்கொள்ளும். மூட்டின் நடுவே இருக்கும் முக்கியமான ஜவ்வு இப்படிக் கிழிவது, ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்பது விளையாட்டு மருத்துவம் நெடுநாளாக அறிந்த செய்தி.

நவம்பர் 7 அன்று கொளத்தூர் பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் அவருக்கு நுண்துளை அறுவைசிகிச்சை நடந்தது. ரத்தக் கசிவை அடக்கக் காலில் அழுத்தக் கட்டு போட்டார்கள். அந்தக் கட்டு இறுகிப்போய் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டது என்பதைச் சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியனே பின்னர் சொன்னார். மேல்சிகிச்சைக்கு ராஜீவ் காந்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது காலைக் காப்பாற்றும் கட்டம் தாண்டியிருந்தது. காலை எடுத்தார்கள். அப்படியும் சிறுநீரகம், ஈரல், இதயம் என்று பாதிப்பு பரவியது. அறுவைசிகிச்சை நடந்த எட்டாம் நாள் எல்லாம் முடிந்தது.

அதற்குச் சில நாள்கள் முன்பு, மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே, தான் திரும்பி வருவதாகவும் தன் விளையாட்டு தன்னைவிட்டுப் போகாது என்றும் தோழிகளுக்காகக் கைபேசி ஸ்டேட்டஸில் அவர் எழுதியிருந்தார். அழுகிற மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னது அந்தப் பிள்ளைதான்.

இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்குப் பதிவானது. முதல்வர் ஸ்டாலின் வீட்டுக்கே சென்று ஆறுதல் சொன்னார். 10 லட்சம் ரூபாய் நிதி, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை, குடியிருக்க வீடு என்று உதவிகள் வந்தன. இழப்புக்குப் பிறகு ஓர் அரசு செய்யக்கூடியவை இவை. செய்தார்கள்.

அதே 2022-இல் இன்னொரு பிள்ளையையும் தமிழ்நாடு இழந்திருந்தது. டேபிள் டென்னிஸ் வீரர் விஸ்வா தீனதயாளன், வயது 18. தேசிய சாம்பியன்ஷிப் போட்டிக்காகக் கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங்குக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 17 அன்று, மேகாலயாவில் எதிரே வந்த கனரக லாரி மோதி இறந்தார். அது கண் இமைக்கும் நேரத்தில் நடந்தது. பிரியாவுக்கு நடந்தது அப்படியல்ல. மணிக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு மணியிலும் அதை நிறுத்த வாய்ப்பு இருந்தது.

‘அந்தப் பிள்ளைக்கு விதி அவ்வளவுதான்’ என்று அன்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆசிரியர் அறையிலும் அதையே சொன்னார்கள். மனம் ஆறச் சொல்லும் சொல்தான், குற்றமில்லை. ஆனால், தமிழில் விதிக்கு இரண்டு பொருள். தலையில் எழுதியதாகச் சொல்வது ஒன்று. தாளில் எழுதிக் கையெழுத்திட்டு எல்லோரும் கடைப்பிடிப்பது இன்னொன்று. முன்னதைச் சொல்லி பிரியாவின் கதையை முடித்துவிட்டோம். பின்னதை இன்னும் எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான்கு அறைகள்

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வோர் அறையையும் சுற்றி ஓர் உறை. அந்த உறை எளிதில் விரியாது. அடிபட்டாலோ அறுவைசிகிச்சை நடந்தாலோ உள்ளே நீரும் ரத்தமும் சேர்ந்து தசை வீங்கும். வெளியே கட்டும் இறுகியிருந்தால் வீக்கம் போக இடமில்லை. உள்ளழுத்தம் ஏறும். மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்கும். பட்டினி கிடக்கும் தசை சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் சாகத் தொடங்கியது திரும்பாது. செத்த தசையிலிருந்து கசியும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், இதயத்துடிப்பைக் குலைக்கும். காலில் தொடங்கியது உயிர்வரை போகும் வழி இது.

இதன் முதல் அறிகுறி, கருவி எதுவும் காட்டாத ஒன்று: வலி. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி. ஊசி போட்டும் அடங்காத வலி. கால்விரலை மெல்ல நீட்டி மடக்கினாலே உயிர்போகும் வலி. பிறகு மரத்துப்போகும், விரல் வெளிறும், குளிர்ந்துபோகும். நாடித் துடிப்பு நின்றதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அது கடைசியில் வருவது. முதலில் வருவது நோயாளியின் வாய்ச்சொல்தான்.

முதல் சிகிச்சையும் பெரிய செலவு பிடிப்பதல்ல. கட்டைத் தோல்வரைக்கும் முழுசாக வெட்டித் தளர்த்த வேண்டும். அதற்குத் தேவை ஒரு கத்தரிக்கோல். அப்படியும் அழுத்தம் இறங்காவிட்டால், தாமதிக்காமல் அந்த உறையைக் கீறித் திறந்துவிட வேண்டும்.

1881-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவைசிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான், இறுக்கிப் போட்ட கட்டுகளால் ரத்தம் கிடைக்காமல் தசை செத்து, கை கால் சுருங்கிப்போவதைப் பற்றி எழுதினார். அந்த ஊனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். எலும்பு மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் இது பாடம். ஆக, 141 ஆண்டுகளாக மருத்துவ உலகுக்குத் தெரிந்த ஓர் ஆபத்து 2022-இல் ஒரு 17 வயதுப் பெண்ணைக் கொண்டுபோனது. இங்கே அறிவு குறைவுபடவில்லை. அந்த அறிவு, இரவில் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

கட்டு அறிந்த ஊர்

கல்குளம், விளவங்கோடு பக்கம் கட்டு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமரத்திலிருந்து விழுந்த பிள்ளையையும், ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்த பெரியவரையும் ஆசானிடம் தூக்கிக்கொண்டு ஓடிய மண் இது. வர்ம ஆசான்மார் முறிவெண்ணெய் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தக் கட்டால் தேறியவர்கள் ஏராளம். கட்டு இறுகி விரல் கறுத்துப்போன பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

என்னிடம் கபடி ஆடிய ஒரு மாணவிக்கு, சரல் மைதானத்தில் விழுந்து முன்கை முறிந்தது. வீட்டார் கட்டுப் போட்டு அழைத்துவந்தார்கள். அன்றிரவு அவள் தூங்கவில்லை. ‘நோவுது, நோவுது’ என்று ஒரே அழுகை. ‘கெட்டுனா நோவத்தான் செய்யும், சகிச்சுக்கோ மோளே’ என்று அப்பா சமாதானம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் சொல்லக்கூடியதும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பாட்டிதான் எழுந்து வந்து போர்வையை விலக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மற்றக் கையின் விரல்களையும் தொட்டுப் பார்த்தாள். ‘இது குளுந்து கெடக்கு’ என்றாள். நள்ளிரவில் ஆட்டோ பிடித்துப் போய்க் கதவைத் தட்டி எழுப்பி, கட்டை அவிழ்த்துத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு அவள் மண்டலப் போட்டியில் ஆடினாள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அவள் செய்தது இரண்டே காரியம். அழுகிற பிள்ளை சொன்னதை நம்பினாள். நம்பியதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்தாள். பெரிய மருத்துவமனை ஒன்றில் எழுதிவைத்துக் கடைப்பிடிக்க வேண்டிய விதியும் சாரத்தில் இதுதான்.

வலியை விழுங்கும் பிள்ளைகள்

விளையாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதை வைத்தவர்கள் நாங்கள்தான், பயிற்சி கொடுப்பவர்கள்.

வலியைப் பொறுப்பவனே வீரன் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். முட்டி உரிந்து ரத்தம் வழிய ஆடியவளைப் பரிசளிப்பு விழாவில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ‘நோவுது’ என்று ஒதுங்கியவளை அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் வெறும் ஆட்டமும் அல்ல. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் இடம், ரயில்வேயில் வேலை, காவல் துறையில் வேலை என்று ஏழை வீடுகளின் கனவுகள் அந்த முழங்காலில்தான் நிற்கின்றன. தேர்வுப் போட்டிக்கு முந்தின நாள் எந்தப் பிள்ளையும் வலியைச் சொல்லாது.

அப்படிப் பழகிய பிள்ளை மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து ‘நோவுது’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கும்! சாதாரண வலியை அது என்றைக்கோ விழுங்கியிருக்கும். வெளியே வருவது விழுங்க முடியாததுதான். ‘ஸ்போர்ட்ஸ் பிள்ளை, தாங்கிக்கும்’ என்று நாம் நினைக்கும் அதே காரணத்தால் அதை இரட்டிப்பாக நம்ப வேண்டும்.

முழங்கால் அறுவைசிகிச்சை என்றாலே பயப்பட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் பிறந்து, இந்தியன் சூப்பர் லீக் வரை போன மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு வெளியேறினார். அந்தப் பருவமே அவருக்கு இல்லாமல் போனது. ஆனாலும், மீண்டு வந்து பிறகு ஒடிசா அணிக்கு ஆடினார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வீரர்கள் இதே மூட்டுக் காயத்திலிருந்து மைதானத்துக்குத் திரும்புகிறார்கள். பிரியாவும் அந்த வரிசையில் வந்திருக்க வேண்டியவர். அதனால்தான் மனம் ஆறவில்லை.

இரண்டு தேசத்து இரண்டு பிள்ளைகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2007-இல் ரயன் சாண்டர்ஸ் என்ற குழந்தை தொற்றுநோயால் இறந்தது. மூன்று வயது நிறையவில்லை. பிள்ளை மோசமாகிக்கொண்டே போகிறான் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சொல் எடுபடவில்லை. 2013-இல் அந்த மாநிலம் ‘ரயன் விதி’யைக் கொண்டுவந்தது. முதலில் செவிலியரிடம் சொல்வது, அடுத்து அவருக்கு மேலுள்ளவரிடம் சொல்வது, அப்போதும் கவலை தீராவிட்டால் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து, நோயாளியை மறுபடி பரிசோதிக்கச் சொல்வது. நோயாளியோ குடும்பத்தாரோ யாரும் இதைச் செய்யலாம்.

இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் 14-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் இருக்கையில் 2021-இல் இறந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தவள். ரத்தத்தில் நச்சு பரவுவதைக் குறித்துத் தாய் கேள்வி எழுப்பியும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நேரத்தில் மாற்றவில்லை. பத்திரிகையாளரான அந்தத் தாய் மெரோப் மில்ஸ் விடாமல் எழுதினார், பேசினார். 2024-இல் ‘மார்த்தா விதி’ முதல் கட்டமாக 143 மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

இரண்டிடத்திலும் யாரோ ஒரு மருத்துவரைத் தண்டித்ததோடு விஷயத்தை முடித்துவிடவில்லை. இறந்த பிள்ளையின் பெயரை இருக்கிற பிள்ளைகளின் தலைமாட்டில் காவலுக்கு வைத்தார்கள். பிரியாவுக்கும் நாம் அதைச் செய்யலாம். செய்ய வேண்டும்.

பிரியா விதி என்ன சொல்ல வேண்டும்?

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயமான கவலை உண்டு. எல்லாச் சிக்கலுக்கும் வழக்கு என்றால், கடினமான அறுவைசிகிச்சைகளைச் செய்யவே அரசு மருத்துவர்கள் தயங்குவார்கள், ஏழைகள்தான் பாதிக்கப்படுவார்கள். மருத்துவரைக் குற்ற வழக்கில் சேர்க்க அலட்சியம் மிகப் பெரியதாக இருக்க வேண்டும், அதற்கு முன் துறை அறிந்த இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தக் கவலையை மனதில் வைத்துத்தான். நானும் அரசு மருத்துவமனையை நம்பி வாழ்பவன். எங்கள் தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்! அங்கே உறங்காமல் உழைப்பவர்களை அறிவேன். தனி மனிதரின் விழிப்பை மட்டும் நம்பாத ஒரு விதி அவர்களுக்கும் பாதுகாப்புத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைசிகிச்சைக்காக 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அது அறுவை அரங்கின் கதவோடு முடிந்துவிடும். பிரியாவின் ஆபத்து கதவுக்கு வெளியே, வார்டில் காத்திருந்தது. ஆகவே, பட்டியலை வார்டுக்கு நீட்ட வேண்டும். கை கால்களில் அறுவைசிகிச்சை செய்து கட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும், முதல் 24 மணி நேரம் மணிக்கொருமுறை விரலின் நிறம், சூடு, அசைவு, உணர்ச்சி, வலி ஆகிய ஐந்தையும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். வலி மருந்துக்கு அடங்காமல் ஏறினால், பெரிய மருத்துவர் வரும்வரை காத்திராமல் கட்டை வெட்டித் தளர்த்தப் பணியிலிருக்கும் செவிலியருக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம் வேண்டும். அப்படி வெட்டியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. நோயாளியின் சொல் எடுபடவில்லை என்றால் குடும்பத்தார் அழைக்க ஓர் எண், தமிழில், படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்க வேண்டும். இரவில் இத்தனையும் செய்யப் போதிய செவிலியர் இல்லை என்றால், அவர்களை நியமிப்பதும் இந்த விதியின் பகுதிதான்.

என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முழங்கால் காயங்களைக் குறைக்க, ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு வகுத்த 20 நிமிட ஆயத்தப் பயிற்சி இருக்கிறது. அதற்குக் கருவி வேண்டாம், பணம் வேண்டாம், ஒரு பந்தும் மைதானமும் போதும். நம்மில் எத்தனை பேர் அதைத் தவறாமல் செய்யவைக்கிறோம்? பிள்ளைக்கு அறுவைசிகிச்சை என்றால் பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒருவர் உடன் போகிறோமா? அணியில் இடம் போய்விடுமோ என்ற பயமில்லாமல் வலியைச் சொல்ல இடம் கொடுக்கிறோமா?

தமிழக அரசுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கைகளும் சுற்றறிக்கைகளும் காலத்தில் மறந்துபோகும். ஒரு பிள்ளையின் பெயர் மறக்காது. இதை ஓர் அரசாணையாக எழுதுங்கள். அதற்குப் ‘பிரியா விதி’ என்று பெயர் வையுங்கள்.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் நாம். தாயோ தகப்பனோ, ஆசிரியரோ செவிலியரோ, யாராக இருந்தாலும் கட்டுப் போட்ட ஒரு பிள்ளை ‘நோவுது’ என்று சொன்னால், சகித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். போர்வையை விலக்கி விரலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தாலோ, வலி மருந்துக்கு அடங்காவிட்டாலோ, அந்த நிமிடமே கத்தரிக்கோலைக் கேளுங்கள்.